துணி பட்டாலே எரிந்தது: ஒரு தையல்காரியின் அக்கி அனுபவம்

2024 சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலையில், வலது மார்புக்குக் கீழே விலா ஓரமாகச் சுருக் சுருக்கென்று ஒரு வலி வந்தது. மானாமதுரையில் 31 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். வீர அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்குப் புது ஜாக்கெட் வேண்டும் என்று வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியதே இல்லை. அந்தச் சமயத்தில் தூக்கம் நாலு மணி நேரம்தான். குனிந்து துணி வெட்டியதில் தசை பிடித்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன். மருந்துக்கடையில் கேட்டேன், ஒரு வலிக் களிம்பு கொடுத்தார்கள். தடவின இடத்தில் நெருப்புக் கங்கு வைத்ததுபோல் எரிந்தது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தசைப்பிடிப்பு என்றால் அமுக்கினால் வலிக்கும், மேல்தோலைத் தடவினால் ஒன்றும் செய்யாது. எனக்கோ புடவை முந்தி உரசினாலே உடம்பு சிலிர்த்துப் போனது.

சனிக்கிழமை கண்ணாடியில் பார்த்தால் சிவந்த தடிப்பு, அதன்மேல் கடுகு கடுகாகக் கொப்புளம். மார்புக்குக் கீழே ஆரம்பித்து, விலாவைச் சுற்றிக்கொண்டு முதுகெலும்பு வரைக்கும் நாடா வைத்துத் தைத்ததுபோல் போயிருந்தது. முதுகெலும்பைத் தாண்டவில்லை. முன்பக்கம் நெஞ்சின் நடுக்கோட்டையும் தாண்டவில்லை. பக்கத்து வீட்டு மதினி பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்: "இது அக்கிதான். வேளார் வீட்டுல எழுதிட்டு வந்துருங்க."

எங்கள் ஊர் மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பேர்போனது. அக்கி வந்தால் குயவர் வீட்டில் காவி எழுதிக்கொள்வது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உள்ள வழக்கம். ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்த வீட்டம்மா காவிக்கல்லை உரைத்துக் குழைத்து, கோழி இறகால் தொட்டு எழுத ஆரம்பித்தார். இறகு பட்டதும் நான் போட்ட சத்தத்தில் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். இறகுதான். ஆனால் பிளேடால் கீறியதுபோல் இருந்தது. அந்த அம்மா கையை எடுத்துவிட்டு, "நான் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கேன். காவி குளிர்ச்சி கொடுக்கும், மறுக்கல. ஆனா உனக்கு சுகர் வேற இருக்கு, வயசும் ஆச்சு. நாளைக்கே டாக்டர்ட்ட போயிரு தாயி" என்றார். அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் திங்களும் செவ்வாயும் ஜாக்கெட்டுகளை முடித்துவிட்டு, புதன்கிழமை போனேன்.

மருத்துவர் முதலில் கேட்டது, "கொப்புளம் வந்து எத்தனை நாள் ஆச்சு?" என்றுதான். நாலு நாள் என்றதும் அவர் முகம் மாறியது. வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் என்றார். புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்ததால் எனக்குக் கொடுத்தார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தம் பார்த்துவிட்டு, ஏசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். அந்த முதல் மூன்று நாளை நான் தையலில் கழித்ததை இன்றைக்கு நினைத்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் அந்த 72 மணி நேரத்தை மட்டும் மறக்க வேண்டாம். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலும் கூச்சமும் வந்து, இரண்டொரு நாளில் அதே இடத்தில் கொப்புளம் வரிசை கட்டினால் அன்றைக்கே போங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. கண்ணைப் பாதிக்கும்.

ஒன்பது வயதில் எனக்குச் சின்னம்மை விளையாடியது. வேப்பிலை விரித்து, வெள்ளைத் துணியில் படுக்க வைத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். அதோடு போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போகவில்லையாம். அந்த வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ் முதுகெலும்பு ஓரத்தில் உள்ள நரம்பு முடிச்சுகளுக்குள் ஒளிந்துகொண்டு 48 வருஷம் சும்மா இருந்திருக்கிறது. வயதாகி, சுகர் வந்து, தூக்கம் கெட்டு, உடம்பின் காவல் தளர்ந்தபோது ஒரே ஒரு முடிச்சிலிருந்து கிளம்பி, அந்த முடிச்சின் நரம்பு எங்கெல்லாம் தோலுக்குப் போகிறதோ அங்கெல்லாம் வந்து இறங்கியிருக்கிறது. நாடா மாதிரி ஒரு பட்டையாக, ஒரு பக்கத்தோடு நின்றதற்கு அதுதான் காரணம்.

இன்னொரு விஷயமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கொப்புளத்து நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் கிட்டே வரக்கூடாது. கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முந்தின திங்கட்கிழமைதான் ஆறு மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்கு வளைகாப்பு ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்திருந்தேன். வெளியே வந்ததும் அவளுக்குப் போன் போட்டேன். "எனக்கு அஞ்சாங்கிளாஸ்லயே அம்மை போட்டுடுச்சு அக்கா" என்றாள். கொப்புளம் துணிக்குள் மூடியிருந்தால் ஆபத்து குறைவு என்று மருத்துவரும் சொன்னார். அதற்கப்புறம் பக்கு கட்டி உதிரும்வரை கடையைத் திறக்கவில்லை. 31 வருஷத்தில் திருவிழாவுக்குக் கடை பூட்டியது அதுதான் முதல் தடவை.

மூன்று வாரத்தில் பக்கு உதிர்ந்தது. வலி உதிரவில்லை.

அந்த வலி எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். கல்லோ கத்தியோ பட்டு வரும் வலியாக இருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். இது மல்துணி பட்டால் வரும் வலி. மின்விசிறிக் காற்றில் நைட்டியின் மடிப்பு அசைந்தால் வரும் வலி. குளிக்கும்போது ஒரே செம்புத் தண்ணீரை இடது பக்கம் ஊற்றினால் வெதுவெதுப்பு, வலது பக்கம் ஊற்றினால் கொதிநீர். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவளுக்கு ஜாக்கெட் போட முடியவில்லை. ராத்திரி வலது கையைத் தலைக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டு, விலாவில் எதுவும் படாமல் மல்லாந்து கிடப்பேன்.

இரண்டாவது மாதம் வேறொரு மருத்துவரிடம் போனேன். தழும்பைப் பார்த்தார். "காயம் ஆறிப்போச்சேம்மா. இனிமே வலிக்க ஒண்ணும் இல்ல. மனசுல நெனச்சுக்கிட்டே இருக்கீங்க. கோயில் குளம் போயிட்டு வாங்க" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். வலியைவிட, நான் பொய் சொல்வதாக ஒருவர் நினைத்தது அதிகமாகச் சுட்டது. வீட்டிலும் அதற்கப்புறம் என்னைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறியது. டாக்டரே சொல்லிவிட்டாரே.

என் அண்ணன் மகள் மருத்துவம் முடித்துவிட்டு உடலியங்கியலில் மேற்படிப்பு படிக்கிறாள். அந்த வாரம் என்னைப் பார்க்க வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கோபத்தில் எழுந்து நின்றுவிட்டாள். "அத்தை, காயம் ஆறுறது வேற, நரம்பு ஆறுறது வேற. உங்க தோல்ல இருக்கிற வலி நரம்பு மாறிப்போயிருக்கு. அது நிஜம். அளந்து காட்டலாம்" என்றாள். அப்புறம் இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு மருந்துக்குச் சமமாக உதவியது அதுதான். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

தோலின் மேல்படலம் வரைக்கும் மிக மெல்லிய நரம்பு இழைகள் ஏறி வருகின்றன. எங்கள் நூற்கண்டில் உள்ள எந்த நூலையும்விடப் பல மடங்கு மெல்லியவை. இவற்றில் சிலவற்றின் வேலை ஆபத்தைச் சொல்வது மட்டும். 1906இல் இங்கிலாந்தின் ஷெரிங்டன் என்ற அறிஞர் இவற்றுக்குத் தீங்கை உணர்பவை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். இதில் இரண்டு வகை. மெல்லிய உறை போட்டவை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் சேதி கொண்டுபோகும். ஊசி குத்தியதும் சுரீர் என்று வருவது அது. உறை இல்லாத சி இழைகள் நொடிக்கு ஒரு மீட்டர் சுமாரில் நடந்துதான் போகும். குத்தின பிறகு கொஞ்சம் தாமதித்து வரும் எரிச்சல் அதனுடையது. தினம் விரலில் ஊசி ஏற்றிக்கொள்கிறவள் நான். முதலில் சுரீர், பிறகு எரிச்சல் என்று இரண்டு தவணையாக வருவதை எத்தனையோ தடவை உணர்ந்திருக்கிறேன், காரணம் தெரியாமல்.

இந்த இழைகளுக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு. அதற்குக் கீழே எது பட்டாலும் வாய் திறக்காது. சூட்டை எடுத்துக்கொண்டால், இழையின் நுனியில் டிஆர்பிவி1 என்று ஒரு புரதக் கதவு இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திறந்து "சுடுகிறது" என்று சேதி போகும். மிளகாயின் காரச் சத்து திறப்பதும் இதே கதவைத்தான். 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் மிளகாயை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2021இல் அவருக்கும், அழுத்தத்தையும் தொடுதலையும் உணரும் கதவுகளைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியனுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். மிளகாய் அரைத்த கையை வெந்நீரில் விட்டால் உயிர் போகிறதே, அது ஏன் என்று இப்போது புரிகிறது. காரத்துக்கும் சூட்டுக்கும் ஒரே கதவு.

திசு புண்ணாகி வீங்கும்போது அந்த இடத்தில் பல பொருள்கள் ஊறுகின்றன: பிராடிகைனின், புரோஸ்டாகிளாண்டின், அமிலம், இன்னும் எத்தனையோ. இவற்றில் சில நேராகவே வலியைக் கிளப்பும். சில நரம்பு நுனியின் கதவுகளை மாற்றிவிடும். அப்போது 43 டிகிரியில் திறக்க வேண்டிய கதவு 37க்குக் கீழேகூடத் திறக்க ஆரம்பித்துவிடும். அதாவது உடம்பின் சொந்தச் சூடே சுடும். வெதுவெதுப்பான தண்ணீர் எனக்குக் கொதிநீரானது இப்படித்தான். புரோஸ்டாகிளாண்டின் ஊறுவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். அடிபட்ட வீக்கத்துக்கு அந்த வகை மாத்திரை கேட்பது அதனால்தான். அக்கிக்குப் பிறகு வரும் நரம்பு வலிக்கு அது பெரிதாகக் கேட்காது. நான் இரண்டு மாதம் விழுங்கி வயிற்றைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது தூங்கும் நரம்புகளின் கதை. சுவீடனின் உப்சாலாவில் 1960களில் ஹாக்பார்த், வால்போ என்ற இருவர், முடிபோன்ற ஊசியை விழித்திருக்கும் மனிதரின் நரம்புக்குள் செலுத்தி, ஓடும் சேதியைக் கேட்கும் முறையை உருவாக்கினார்கள். தங்கள் கைகளிலேயே குத்திப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்கள். அந்த முறையால் 1995இல் தெரிய வந்தது இது: மனிதத் தோலின் சி இழைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, குத்தினாலும் சுட்டாலும் பதில் சொல்வதில்லை. நல்ல தோலில் அவை தூங்கிக்கொண்டிருக்கின்றன. கடுகின் காரச் சத்தையோ மிளகாயின் காரச் சத்தையோ தடவினால் அவற்றில் சில விழித்துக்கொள்கின்றன. விழித்த பிறகு முன்பு கண்டுகொள்ளாத அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் கத்த ஆரம்பிக்கின்றன. ஏற்கெனவே இருக்கிற நரம்புகள் கூச்சலைக் கூட்டுவது ஒருபக்கம், இதுவரை வாயே திறக்காதவை சேர்ந்துகொள்வது இன்னொரு பக்கம்.

அவள் தன் முன்கையில் நகத்தால் அழுத்தி ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். கோடு சிவந்தது. கொஞ்ச நேரத்தில் கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் செம்மை படர்ந்தது. அப்புறம் கோடு லேசாகத் தடித்தது. லண்டனில் தாமஸ் லூயிஸ் 1920களில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நகம் படாத இடம் ஏன் சிவக்கிறது? நரம்பு இழை தோலுக்குள் கிளை கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளையில் கிளம்பின சேதி மேலே போவதோடு, பக்கத்துக் கிளை வழியாகத் தோலுக்கே திரும்பியும் வருகிறது. வந்து, ரத்தக் குழாயை விரிய வைக்கும் பொருள்களைக் கசிய விடுகிறது. சேதி சொல்வதோடு நிற்காமல், நரம்பே வீக்கத்துக்கும் துணை போகிறது. சொறியாதே, தேய்க்காதே என்று பெரியவர்கள் அதட்டுவதன் காரணம் எனக்கு அந்தக் கோட்டில் கண்ணெதிரே தெரிந்தது.

சரி, புண் ஆறி இத்தனை நாளாகியும் ஏன் நிற்கவில்லை? அடிபட்ட தோலில் நரம்பு வளர்ச்சிக் காரணி என்று ஒன்று ஊறுகிறது. ரீட்டா லெவி-மொண்டால்சினி இதைக் கண்டுபிடித்து 1986இல் நோபல் பரிசு வாங்கினார். கொஞ்சம் நரம்பை வளர்க்கும், ஆனால் வலி நரம்பைக் கூர்மையாகவும் தீட்டிவிடும். நல்ல உடம்புக்காரர்களின் தோலில் துளியளவு செலுத்திப் பார்த்ததில், புண் எதுவும் இல்லாமலே, அந்த இடம் வாரக்கணக்கில் அழுத்தம் தாங்காமல் இருந்திருக்கிறது. என் விஷயத்தில் இதற்கும் மேல், வைரஸ் நரம்பையே அரித்திருக்கிறது. அரிபட்ட இழை, தோலில் எதுவும் படாமலேயே தானாகச் சேதி அனுப்பும். ராத்திரி மூன்று மணிக்குக் காரணமில்லாமல் மின்சாரம் பாய்ந்ததுபோல் துள்ளி எழுந்ததெல்லாம் அதுதான்.

துணி உரசும் வலிக்கு மட்டும் இன்னொரு படி இருக்கிறது. துணி படுவதைச் சொல்லும் நரம்பு வேறு, அது தடித்த, வேகமான தொடுவுணர்வு நரம்பு. அது வலியைச் சொல்வதே இல்லை. ஆனால் தோலிலிருந்து வலிச் சேதி ஓயாமல் வந்து மோதும்போது முதுகுத்தண்டில் உள்ள செல்கள் சூடேறிப்போய், தொடுதலையும் வலி என்றே எடுத்துக்கொள்கின்றன. 1983இல் கிளிஃபர்ட் வுல்ஃப் இந்த முதுகுத்தண்டு மாற்றத்தைக் காட்டினார். "அப்போ கோளாறு முதுகுல தானே, தோலை விட்டுரலாமா?" என்று கேட்டேன். "விடக்கூடாது அத்தை. தோல்ல இருந்து வர்ற எரிச்சல்தான் அங்க அடுப்பை எரிய வச்சுக்கிட்டிருக்கு. விறகை இழுத்தா அடுப்பு தணியும்" என்றாள்.

அவளே மதுரையில் ஒரு வலி மருத்துவரிடம் அழைத்துப்போனாள். தழும்பை அவர் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை. பஞ்சுத் திரியால் நல்ல தோலிலிருந்து ஆரம்பித்து மெல்ல உள்ளே தடவி வந்து, "எங்கே மாறுதோ சொல்லுங்க" என்று பேனாவால் புள்ளி வைத்தார். அப்புறம் குண்டூசி. அப்புறம் குளிர்ந்த இரும்பு. புள்ளிகளைச் சேர்த்தால், நான் ஆர்ம்ஹோல் வரைவதுபோல் ஒன்றுக்குள் ஒன்றாக வளைவுகள். பஞ்சு வலித்த எல்லை தழும்பைவிட இரண்டு விரல் அகலமாக இருந்தது. நடுவில் ஓர் இடத்தில் ஊசி குத்தியதே தெரியவில்லை, ஆனால் அதைச் சுற்றி எரிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஃபீல்ட்ஸ், ரோபோதம் ஆகியோர் 1990களில் இதைப் பிரித்துக் காட்டினார்களாம். அக்கி வலிக்காரர்களில் சிலருக்கு நரம்பு உயிரோடு இருந்து எரிச்சல்பட்டுக் கிடக்கிறது, சிலருக்கு நரம்பு செத்து, மரத்த இடமே வலிக்கிறது. எனக்கு இரண்டும் கலந்திருந்தது. அந்தப் பேனா வளைவுகளைக் கைபேசியில் படம் எடுத்து வீட்டில் காட்டினேன். என் கணவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ராத்திரி மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைக்கவில்லை.

மருந்துகளைப் பற்றி நான் அனுபவித்ததை மட்டும் சொல்கிறேன், அளவு உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது. நரம்பு வலிக்கான கபாபென்டின் மாத்திரை ராத்திரி ஒன்று என்று ஆரம்பித்து, வாரம் வாரமாக ஏற்றினார்கள். முதல் பத்து நாள் தலை சுற்றியது, பகலிலும் தூக்கம் இழுத்தது. அந்த நாட்களில் மிஷினிலும் கத்தரிக்கோலிலும் கை வைக்காதீர்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பலன் தெரிய மூன்று வாரம் ஆனது. பலன் இல்லை என்று நாலாம் நாளே நிறுத்திவிட்டவர்களை அந்தக் காத்திருப்பு அறையிலேயே பார்த்தேன். வலி குறைந்துவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்துவதும் கூடாது, ஏற்றியதுபோலவே படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

எனக்குக் கையோடு தெரிந்த பலன், தோலில் ஒட்டும் லிடோகெய்ன் மருந்துப் பட்டையில். நரம்பில் சேதி ஓடுவதற்கான சோடியம் கதவுகளை அது அடைக்கிறது. 12 மணி நேரம் ஒட்டலாம், அடுத்த 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். ஆறாத புண்மேல் ஒட்டக்கூடாது. பட்டையைப் பின்தாளோடு சேர்த்து வெட்டிக்கொள்ளலாம் என்றார்கள். நான் செய்தித்தாளில் என் விலாவுக்கு ஒரு பேட்டர்ன் வெட்டி வைத்துக்கொண்டு, அதன்படி வெட்டி ஒட்டினேன். விலை அதிகம், ஆகவே துண்டு வீணாகாமல் வெட்டத் தெரிந்தது நல்லதாகப் போயிற்று. ஒட்டிய முதல் நாள் ஜாக்கெட் போட்டேன். கண்ணாடி முன்னால் நின்று அழுதேன்.

மிளகாய்ச் சத்துக் களிம்பும் உண்டு. கதவைத் திறந்தே வைத்து நரம்பு நுனியை ஓய்ந்துபோகச் செய்வது அதன் வழி. அதிகச் செறிவுள்ள பட்டை என்றால் மருத்துவமனையில் வைத்துத்தான் ஒட்டுவார்கள். இதைக் கேள்விப்பட்டு யாரும் வீட்டில் மிளகாயை அரைத்துப் பூச வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். அதேபோல் மரத்துப்போன இடத்தில் வெந்நீர்ப் பையும் பனிக்கட்டியும் வைக்காதீர்கள். வெந்தாலும் தெரியாது.

துணி விஷயத்தில் நான் கண்டதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் எந்த மருத்துவரும் இதைச் சொல்லவில்லை. எல்லோரும் "லூஸா போடுங்க" என்றுதான் சொன்னார்கள். கேட்டேன், வேதனை அதிகமானது. தொளதொளத்த துணி நடக்கும்போதெல்லாம் அசைந்து உரசுகிறது. ஒரு நாள் தாங்க முடியாமல் உள்ளங்கையை விலாவில் அழுத்தி வைத்தேன். வலி குறைந்தது. உரசல்தான் என் எதிரி, நிதானமான அழுத்தம் இல்லை. அண்ணன் மகளிடம் சொன்னேன். உரசலும் அழுத்தமும் வேறு வேறு நரம்பு வழியாக வருவதால் இப்படி இருக்கலாம் என்றாள். அன்றைக்கே பழைய பனியன் துணியில், உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற ஓர் உள்ளாடை தைத்தேன். தையல் எல்லாம் வெளிப்பக்கம். ஓவர்லாக் போடவில்லை, அந்த நூல் முடிச்சுகள் முள்ளாகக் குத்தும். வலது விலா மேல் எந்தத் தையலும் வராதபடி மூட்டுத் தையலை இடது பக்கம் தள்ளினேன். தலைவழியாக மாட்டினால் உரசும் என்று முன்பக்கம் திறப்பு வைத்தேன். துணிக்குக் கஞ்சி போடவே கூடாது, அலசும்போது சோப்பு தங்கக்கூடாது. சிலருக்கு அழுத்தமே வலிக்கும், ஆகவே முதலில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை தாங்கினால் துணி தாங்கும்.

நாலாம் மாதத்திலிருந்து பழக்கப்படுத்துதல் என்று ஒன்று செய்தேன். பிசியோதெரபிக்காரர் சொல்லிக்கொடுத்தது. வலி எல்லைக்கு வெளியே நல்ல தோலில் ஆரம்பித்து, பட்டுத் துண்டால் இரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. பட்டு பழகியதும் மல், அப்புறம் ‘வாயில்’ துணி, அப்புறம் பாப்ளின். என் கடையில் வெட்டுத் துண்டுக்குப் பஞ்சமா? பாப்ளினுக்கு வர ஏழு வாரம் ஆனது. எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்லமாட்டேன், எனக்குக் கேட்டது. புண் ஈரமாக இருக்கும்போது மட்டும் இதைத் தொடங்கவே கூடாது.

தடுப்பூசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 50 வயது தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி 2023இலிருந்து நம் நாட்டில் கிடைக்கிறது. இரண்டு தவணை, நடுவில் இரண்டு முதல் ஆறு மாதம். விலை சாதாரணக் குடும்பத்துக்குச் சுமைதான், அரசு இதைக் கொஞ்சமாவது எட்டும் விலையில் தரவேண்டும் என்பது என் ஆதங்கம். ஆனால் எனக்கு மருந்துக்கும் பட்டைக்கும் பூட்டின கடைக்கும் போன பணம் அதைவிட மிக அதிகம். அக்கி வந்து தணிந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். நான் போட்டுக்கொண்டேன். சுகர் உள்ள என் அண்ணனையும் இழுத்துப்போய்ப் போட வைத்தேன்.

மூன்று மாதம் தாண்டியும் வலி இருந்தால்தான் அதை அக்கிக்குப் பின்னான நரம்பு வலி என்று கணக்கு வைக்கிறார்கள். எனக்கு ஆறாம் மாதம் பாதியானது. மாத்திரையைப் பத்தாம் மாதத்திலிருந்து இறக்கினார்கள். இன்றைக்கு விலாவின் பின்பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், வியர்த்தால் சுணுசுணுவென்று இருக்கும். பட்டை எப்போதாவதுதான்.

என் உள்ளாடையைப் பற்றி அந்த வலி மருத்துவரிடம் சொன்னேன். அதற்கப்புறம் அவரிடம் வரும் பெண்கள் சிலர் மதுரையிலிருந்து பஸ் ஏறி என் கடைக்கு வருகிறார்கள். போன வாரம் 64 வயது ஆச்சி ஒருவர் வந்தார், இடது தோளில். இஞ்சு டேப்பை நான் அவர்மேல் வைப்பதில்லை. பழைய ஜாக்கெட் ஒன்றை வாங்கி மேஜையில் விரித்து, அதில் அளவு எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் எது பட்டால் வலிக்கிறது என்று சாக்பீஸால் அந்த ஜாக்கெட்டிலேயே அவரைக் குறிக்கச் சொல்கிறேன். ஆச்சி குறித்துவிட்டு, "இவ்வளவு அகலமாவா எனக்கு வலிக்குது?" என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தோள் மூட்டுத் தையலைக் கழுத்துப் பக்கம் நகர்த்தி, முன்திறப்பு வைத்து வெட்டினேன்.